சாம்பிள் வேற, பல்க் வேற

"ஒரு மெஷினில் எத்தனை பேரை ஏற்றுவீர்கள்?" என்று வாடிக்கையாளர் யாராவது கேட்டால், உங்களில் ஒருவரும் "போதுமான அளவு" என்று பதில் எழுதக் கூடாது. இந்தக் கம்பெனியில் அப்படி எழுதிய முதல் ஆள் நான்தான். அதனால் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டுத்தான் இந்த நாற்காலியைக் காலி செய்வேன். நாளை மறுநாள் நான் ஓய்வு பெறும்போது போர்த்துவதற்கு நம் முதலாளி இம்தியாஸ் பொன்னாடை வாங்கி வைத்திருப்பதாகக் கேள்வி. அதை அவனே போர்த்திக்கொள்ளட்டும். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் இதைக் கடைசிவரை படித்தால் எனக்கு அது போதும்.

நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள் இல்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே ஷெட், முன்பு ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற கம்பெனியாக இருந்தது. அப்போது முதலாளி, இம்தியாஸின் அப்பா. நான் சேர்ந்தது சாம்பிள் ரூமில். வெளிநாட்டுக்காரனுக்கு முதலில் சாம்பிள் போகும். அவன் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஆர்டர். அந்தச் சாம்பிளுக்குத் தோல் பொறுக்குவது என் வேலை. நூறு தோலைப் புரட்டுவேன். உண்ணி கடித்த தடம், முள் கீறல், சூட்டுத் தழும்பு எதுவும் இல்லாத ஒரே ஒரு தோலை எடுப்பேன். எனக்கு அந்தக் கண் இருந்தது என்று எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

ஒருநாள் மேஸ்திரியிடம் கேட்டேன், "மீதி தொண்ணூத்தொம்பதும் இப்படி இல்லையே, சார்?"

"பொண்ணு பாக்க வர்றப்ப கட்டறதுக்குன்னு ஒரு பொடவ இருக்குமில்ல? டெய்லி அதையா கட்டிக்கினு இருப்ப? சாம்பிள்னா அதும்மா" என்றார் மேஸ்திரி. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

பல வருடம் இது நடந்தது. வேலை பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டர் பழகி, கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு நான் மாறிய பிறகும் பெரிய ஆர்டர் என்றால் சாம்பிள் பொறுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு ஒரு பெரிய கன்டெய்னர் முழுசாகத் திரும்பி வந்தது. கூடவே ஒரு மெயில். சாம்பிள் வேறு, பல்க், அதாவது மொத்தமாக வந்த சரக்கு, வேறு என்று நாலு வரி. அந்த அடியிலிருந்து கம்பெனி எழுந்திருக்கவில்லை. அந்த ஆர்டருக்குச் சாம்பிளைப் பொட்டலம் கட்டியது இந்தக் கைதான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஷெட் மூடி இரண்டு வருடம் கழித்து இம்தியாஸ் போன் செய்தான். முதலாளியின் கடைசிப் பையன். சின்ன வயதில் கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு வந்து என் மெஷினில் கேம் விளையாடுவான், நான் திட்டி அனுப்புவேன். "எஸ்தர்க்கா, ஷெட்ல பெரிய கரண்ட் லைன் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, ஏசி ரூம் இருக்கு. சர்வர் வேல ஆரம்பிக்கறேன். வர்றீங்களா?" என்றான்.

என் தங்கையிடம் சொன்னேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஓட்டல்ல சர்வரா? இந்த வயசுலயா? முட்டி வலி வேற உனக்கு!"

அவளுக்கு விளக்கியதையே உங்களுக்கும் எழுதுகிறேன், நம் தொழில் என்னவென்று இதைவிடச் சுருக்கமாக எனக்குத் தெரியாது. பத்துப் பேர் பத்து ஊரில் இருந்துகொண்டு ஒரே விளையாட்டை விளையாட வேண்டுமென்றால், அந்த விளையாட்டு உலகம் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் அணையாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடத்தை நாம் வாடகைக்கு விடுகிறோம். வீட்டுக்காரன் மாதிரி. தங்கை புரிந்துகொண்டு, "அப்ப தண்ணி வரலன்னு சண்டைக்கு வருவாங்களே" என்றாள். எவ்வளவு சரியாகச் சொன்னாள்!

நாங்கள் திறந்த முதல் வாரமே சண்டைக்கு வந்தார்கள். விளையாட்டுக்காரர்கள் பேசிக்கொள்ள இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தோம். அதில் கேள்வி மேல் கேள்வி. ஒருவன், "ஆம்பூர்ல பிரியாணி வைப்பாங்க, சர்வருமா வைக்கறாங்க?" என்று எழுதினான். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிறோம், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடும்போது யாருக்கும் தாமதம் ஜாஸ்தி ஆகாது, பிரியாணி தனி என்று பதில் போட்டேன். இன்னொருவன், "பெரிய சர்வர் பிராசஸர் போடாம வீட்டுக் கம்ப்யூட்டர் பிராசஸர் போட்டிருக்கீங்க, ஏமாத்து வேலையா?" என்றான். இந்த விளையாட்டுகள் தங்கள் முக்கிய வேலையை பிராசஸருக்குள் இருக்கும் பல கோர்களில், அதாவது வேலையாட்களில், ஒரே ஒருவர் தலையில்தான் கட்டும். கல்யாணச் சமையலுக்கு நாற்பது பேர் வேண்டும், ஊசியில் நூல் கோர்க்க நல்ல கண்ணுள்ள ஒருத்தி போதும் என்று எழுதினேன். அதற்கு நூறு பேர் கைதட்டல் பொம்மை போட்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் 'கோடி' வந்து சேர்ந்தது. ஆங்கில எழுத்தில் கோடி, அவ்வளவுதான் பெயர். படமும் கிடையாது. எவனோ பணக்கார வீட்டுப் பையன், கோடீஸ்வரன் என்று காட்டிக்கொள்கிறான் என்று நினைத்தேன். அவன், அவன் என்றே ஆபீஸிலும் பேசினோம்.

கோடியின் முதல் பதிவு இது. "நாங்க நாப்பது பேரு. மூணு வருஷமா கேம்ல ஒரு ரயில்வே கட்டியிருக்கோம். இப்ப இருக்கற சர்வீஸ மூடறாங்க, மாசக் கடைசிக்குள்ள எடம் மாறணும். போன தடவ மாறுன எடம் சரியில்லாம பாதிப் பேர் போய்ட்டாங்க. இன்னொரு தடவ தப்பாச்சுன்னா எல்லாரும் கலைஞ்சிடுவாங்க. அதனால கேள்வி கொஞ்சம் ஜாஸ்தி கேப்பேன். கோச்சிக்காதீங்க."

நான் இதைப் படித்தேன். படித்துவிட்டு, சரி, கேள்வி எங்கே என்று கீழே போனேன். நாற்பது பேர் கலைந்துவிடுவார்கள் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார், அது என் மனதில் ஏறவே இல்லை. இதை நான் மறைக்கப்போவதில்லை.

கேள்வி ஒன்றுதான். ஒரு மெஷினில் எத்தனை பேருடைய உலகத்தை ஏற்றுவீர்கள்?

"போதுமான அளவு" என்று எழுதினேன்.

"போதுமான அளவுன்னா எத்தன?"

"மெஷினின் திறனைப் பொறுத்தது."

"உங்க மெஷினோட தெறன் உங்களுக்குத் தெரியுமில்ல? அப்ப எத்தன?"

"நெரிசல் ஏற்படாத வகையில் கவனமாக நிர்வகிக்கிறோம்."

"ஷேர் ஆட்டோக்காரரும் அதான் சொல்வாரு, மேடம். எத்தன பேருன்னு சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உண்மை என்னவென்றால், எங்களிடம் ஐந்து மெஷின். நாலு மெஷினில் தொண்ணூறு உலகங்களை அடைத்திருந்தோம். பகலில் யாரும் விளையாடுவதில்லை, அதனால் வண்டி ஓடியது. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் எல்லோரும் வந்தால் மூச்சுத் திணறும். ஒரு மெஷினுக்குப் பதினைந்துக்கு மேல் கூடாது என்று ஆரம்பத்தில் நாங்களே பேசி வைத்திருந்தோம். ஆள் வர வர, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று ஏற்றிக்கொண்டே போனோம். ஐந்தாவது மெஷின் புதுசு, காலியாக இருந்தது.

வாயால் வாதாடுவதைவிடக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. "பதினைந்து நாள் டிரையல் தருகிறோம். உங்கள் ரயில்வேயைக் கொண்டுவந்து ஓட்டிப் பாருங்கள்" என்று எழுதினேன். கோடி சரி என்றது. டிரையலை ஐந்தாவது மெஷினில் போட்டேன். தனியாக, அக்கம்பக்கம் ஒருவரும் இல்லாமல்.

யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானும் ஏமாற்ற வேண்டும் என்று திட்டம் போடவில்லை. இருபத்தாறு வருடமாகப் பழகிய கை, நூறு தோலைத் தள்ளிவிட்டு நல்ல தோலை எடுத்துக்கொண்டது. அவ்வளவு இயல்பாக நடந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

ரயில்வே பிரமாதமாக ஓடியது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த உலகத்தில் அரக்கோணம் மாதிரி ஒரு பெரிய ஜங்ஷன் கட்டியிருந்தார்கள். ஏழு பிளாட்பாரம், சிக்னல், கேட், அறிவிப்புப் பலகை எல்லாம். வண்டிகள் நிஜக் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பும். ஆனால் ஓடுவது மெஷினின் வேகத்தில். ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம். மெஷின் திணறினால் முன்னால் போன வண்டி லேட்டாகும், அது ஜங்ஷனைத் தாண்டுவதற்குள் அடுத்த வண்டி நேரத்துக்குக் கிளம்பி வந்து இடிக்கும். ஐந்தாவது மெஷினில் ஒரு நொடி பிசகவில்லை. நாலாவது நாள் கோடி எழுதியது, "ரொம்ப நல்லா ஓடுது. ஒரு வண்டியும் லேட் இல்ல." அதைப் பார்த்துப் புதிதாகப் பத்துப் பேர் வந்தார்கள். டிரையல் முடியும்வரை ஐந்தாவதைத் தொட வேண்டாம் என்று அவர்களையும் அந்த நாலு மெஷினிலேயே, ஏற்கெனவே காலி செய்துவிட்டுப் போனவர்களின் இடத்தில் ஏற்றினோம்.

பத்தாவது நாள், வெள்ளிக்கிழமை காலை, டீ வந்த நேரம். குழுவில் கோடியின் புதுப் பதிவு. இரண்டு வீடியோ பக்கத்தில் பக்கத்தில். இடது பக்கம் டிரையலில் ஓடும் வண்டி, நாலு நிமிடச் சுற்று. வலது பக்கம் அதே வண்டி, அதே பாதை, ஐந்தரை நிமிடம். கடைசியில் இரண்டு வண்டிகள் ஜங்ஷனில் மோதி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கோடியின் தோழி ஒருத்தி தன் பெயரில், சாதாரண வாடிக்கையாளராக, நம்மிடமே இடம் எடுத்து, அந்த ரயில்வேயின் நகலை ஓட்டியிருக்கிறாள். மேலே தலைப்பு ஒரே வரி.

"சாம்பிள் வேற, பல்க் வேற."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இந்தப் பக்கத்தில் தோல், ஷூ வேலை பார்த்தவர்களுக்கு இதைவிடக் கேவலமான வசவு கிடையாது. அம்மா அப்பாவைத் திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள்.

இம்தியாஸ் ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது. "அழிச்சிடுங்க அக்கா. ஒடனே அழிங்க. நம்ம குரூப்பு, நம்ம இஷ்டம்."

"நூறு பேர் பாத்துட்டாங்கடா."

"ஆயிரம் பேர் பாக்கறதுக்குள்ள அழிச்சிடலாம். இல்லன்னா அந்தப் பொண்ணு ஏதோ செட்டிங் தப்பா வெச்சிட்டான்னு எழுதுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"நமக்குத் தெரியுமே."

அவன் மேஜையைத் தட்டினான். "அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா இல்லையா? இதே வார்த்ததான் அந்த மெயில்ல இருந்துச்சு. அத்தோட அப்பா ஷெட்டுக்கு வர்றதையே வுட்டுட்டாரு. மறுபடி அதே எடத்துல நின்னு அதே வார்த்தய நான் கேக்கணுமா?"

இதை அவன் அதுவரை என்னிடம் பேசியதே இல்லை. இனிமேல் மறைக்க முடியாது என்று முடிவு செய்தேன்.

"அந்தச் சாம்பிளக் கட்டுனது நான்தான், இம்தியாஸ்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். அப்பாவே ஒருநாள் சொன்னாரு. எஸ்தர் நல்லாத்தான் பொறுக்குச்சு, பொறுக்கச் சொன்னதுதான் தப்புன்னாரு." அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"இந்தத் தடவ யாரும் சொல்லல. நானே பொறுக்கியிருக்கேன்" என்றேன். "அதனால பதிலும் நானே எழுதறேன். நீ குறுக்க வந்தீன்னா இப்பவே பைய எடுத்துக்கினு கெளம்பிடுவேன்."

அவன், "பேஜார் பண்றீங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் எழுதியது இது. "முதல் மெஷினில் இருபத்து நாலு. இரண்டாவதில் இருபத்து இரண்டு. மூன்றாவதில் இருபத்து மூன்று. நாலாவதில் இருபத்தொன்று. ஐந்தாவதில் ஒன்று. அந்த ஒன்று கோடியின் டிரையல். அதைத் தனியாக வைத்தது நான், எஸ்தர். கோடி சொல்வது உண்மை. இன்றிலிருந்து புதிதாக யாரையும் ஏற்ற மாட்டோம். ஐந்தாவது மெஷினையும் திறந்து எல்லோரையும் பிரித்து வைக்கிறோம். ஒவ்வொரு மெஷினிலும் எத்தனை பேர் என்பது இனிமேல் குழுவின் தலைப்பக்கத்தில் எப்போதும் இருக்கும்."

எழுதிவிட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள். கிழித்தார்கள். பிரியாணிக்காரன் திரும்ப வந்தான், "கறி இல்லாத குஸ்காவ பிரியாணின்னு வித்திருக்காங்க" என்றான். அன்றைக்கே நாலு பேர் காலி செய்தார்கள். என்னை மேடம் என்று கூப்பிட்டவர்கள் கிழவி என்று எழுதினார்கள். எனக்கு அழுகை வந்தது, பாத்ரூமில் போய் அழுதேன், முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த கேள்விக்குப் பதில் எழுதினேன். ஒரு கேள்வியையும் பதில் இல்லாமல் விடக் கூடாது என்று ஒரு வீம்பு.

கோடி மட்டும் திட்டவில்லை. ஒரே வரி எழுதியது. "ஞாயித்துக்கெழம நேர்ல வந்து பாக்கலாமா?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ்ஸில் வந்து இறங்கியது, முப்பது வயசுப் பெண் ஒருத்தி. தோளில் பை, கையில் டிபன் கேரியர். "நான்தான் கோடி. பேரு வளர்மதி" என்றாள். நானும் இம்தியாஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளாக அவன், அவன் என்று பேசியது நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாகப் போனது. நானே ஒரு பொம்பளை.

"எங்க வேல பாக்கற?" என்று கேட்டேன்.

"ராணிப்பேட்டப் பக்கம் ஷூ கம்பெனி மேடம். கியூசி."

இம்தியாஸ் தலையில் கை வைத்தான். கியூசி என்றால் சரக்கைப் பார்த்துப் பாஸ் பண்ணுகிறவர்கள், எங்கள் ஊரில் அவர்களைக் கண்டால் கம்பெனி மேனேஜரே நடுங்குவார்.

ஏசி ரூமுக்குள் போனதும் அவள் வாசலோரம் இருந்த மெஷினைத் தாண்டி நடந்தாள். அதைத் தாண்டி அடுத்ததையும் விட்டாள். மூன்றாவதில் கை வைத்தாள். "இதுலதான நெறைய பேரு? இதுல போடுங்க."

"ஏம்மா அது?"

"அட்டப்பெட்டி அடுக்கு வெச்சிருப்பாங்கல்ல மேடம், நாங்க மேல இருக்கறத எடுக்க மாட்டோம். மேல இருக்கறது எடுக்கச் சொல்லி வெச்சது. நடுவுல உருவணும். டெய்லி அதான் எங்க வேல. டிரையல் அவ்ளோ நல்லா ஓடுனப்பவே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. பல்க்ல அவ்ளோ நல்லா எதுவும் வராது."

பிரித்து வைத்த பிறகு ஒவ்வொரு மெஷினிலும் பதினேழு, பதினெட்டு இருந்தது. மூன்றாவதில் பதினெட்டு. அதில் ரயில்வேயை ஏற்றினோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பதால் எல்லா உலகத்திலும் கூட்டம். வண்டிகள் கிளம்பின. அவள் கையில் போன் கடிகாரம். முதல் சுற்று நாலு நிமிடம் ஐந்து நொடி. இரண்டாவது நாலு இருபது. மூன்றாவது சுற்றில் ஜங்ஷனில் டமால்.

"ஆவாது மேடம்" என்றாள். குரலில் கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "இன்னும் ஆறு நாள்தான் இருக்கு எங்களுக்கு. நான் வேற எடம் பாக்கறேன்."

இம்தியாஸ் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனான். "அக்கா, அதே மெஷின்ல ரெண்டு பேரு பெரிய கூட்டம் வெச்சிக்கினு இருக்காங்க. அவங்கள மட்டும் இப்போதைக்கு வேற மெஷினுக்குத் தள்ளிட்டா ஓடிடும். அந்தப் பொண்ணு போனப்புறம் மெதுவா சரி பண்ணிக்கலாம்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். மூன்று நாளாக வாங்கிய திட்டு, பஸ் பிடித்து வந்திருக்கும் பெண், ஓடாத வண்டி. இரண்டு பேரை நகர்த்துவது பத்து நிமிட வேலை.

"அதுவும் சாம்பிள்தான்டா" என்றேன். "அவளுக்குன்னு பண்ணக் கூடாது. பண்ணா எல்லா மெஷினுக்கும் பண்ணணும்."

"மெஷினுக்கு எங்க போறது?"

நான் சுவரோரம் பார்த்தேன். அங்கே பிரிக்காத இரண்டு பெட்டிகள் இருந்தன. பெங்களூரில் ஒரு கண்காட்சி வரப்போகிறது, நம் ஸ்டாலில் கலர் லைட் போட்டு வைக்க வேண்டும் என்று அவன் ஆசை ஆசையாக வாங்கிய இரண்டு புது மெஷின்கள்.

அவனும் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நானும் ஒரு சாம்பிள் வெச்சிருக்கேன், இல்ல?" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினான்.

மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறரைவரை மூன்று பேரும் வேலை பார்த்தோம். இம்தியாஸ் புது மெஷின்களைப் பொருத்தினான். நான் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எழுதி, பத்து நிமிடம் நிறுத்தட்டுமா என்று அனுமதி கேட்டு, சரி என்றவர்களை நகர்த்தினேன். வளர்மதி யாரும் கேட்காமலே, எது எங்கே போயிற்று என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். நடுவில் டிபன் கேரியரைப் பிரித்தாள். புளிசாதமும் வறுத்த வேர்க்கடலையும். மூன்று பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"எதுக்கும்மா ரயில்வே?" என்று கேட்டேன்.

"எங்க ஊரு காவேரிப்பாக்கம் மேடம். ஊருக்கு ரயிலே கெடையாது. அதான் கட்டுனோம்." கடலையை மென்றாள். "ஒண்ணாப் படிச்சவங்கதான் எல்லாம். ஒருத்தன் துபாய்ல, ரெண்டு பேரு ஓசூர்ல, ஒருத்தி பாகாயத்துல நர்சு. சாயங்காலம் ஆனா வண்டி ஓட்ட வந்துடுவாங்க. அதுவும் இல்லன்னா யாரு யாரப் பாக்கப்போறாங்க? கல்யாணம், சாவுன்னாதான்."

முதல் பதிவில் எழுதியிருந்ததைத்தான் சொன்னாள். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

"உம் பேரப் பாத்துட்டு யாரோ கோடீஸ்வரன்னு நெனச்சேன்" என்றேன்.

அவள் புரையேறச் சிரித்தாள். "ஐயோ, அந்தக் கோடி இல்ல மேடம். ஏரிக் கோடி! ஏரி ரொம்புனா மிச்சத் தண்ணி வெளிய போவுமே, அந்த எடம். புதுசாப் பாக்கறவங்க ஐயோ தண்ணி வீணாப் போவுதேம்பாங்க. அது போவலன்னா கரையே ஒடைஞ்சிடும். நான் ஜாஸ்தி கேள்வி கேக்கறேன்னு எங்க வாத்தியார் வெச்ச பேரு."

இம்தியாஸ் என்னைப் பார்த்தான். இரண்டு நாள் முன்னால் அழித்துவிடச் சொன்ன பதிவு அவனுக்கு நினைவு வந்திருக்கும். எனக்கும்தான்.

ஆறரைக்கு ஏழு மெஷினிலும் பன்னிரண்டு, பதின்மூன்று என்று நின்றது. சாயங்காலக் கூட்டம் வந்துவிட்டது, மூச்சு முட்டுகிற நேரம். பதின்மூன்று பேர் இருந்த மெஷின்கள் எவை என்று தன் தாளைப் பார்த்துவிட்டு, அவற்றில் நடுவில் இருந்ததைக் காட்டினாள். வண்டிகள் கிளம்பின. நாலு நிமிடம். நாலு நிமிடம். நாலு நிமிடம் ஒரு நொடி. நாலு நிமிடம். ஜங்ஷனில் ஒரு வண்டி போய், சிக்னல் விழுந்து, அடுத்த வண்டி வந்தது. பத்துச் சுற்று பார்த்தாள், போனைப் பைக்குள் வைத்தாள்.

"பாஸ்" என்றாள். உடனே விரலை நீட்டினாள். "ஆனா திங்கக்கெழமயும் பாப்பேன். எப்ப வேணாலும் பாப்பேன்."

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது நாற்பது பேரும் வந்து இறங்கினார்கள். ஒருவரும் கலையவில்லை. இப்போது அறுபது பேர். அந்த ரயில்வேயில் 'எஸ்தர் ஹால்ட்' என்று ஒரு ஸ்டேஷன் கட்டியிருக்கிறார்கள். போய்ப் பாருங்கள். ஒரு வண்டியும் அங்கே நிற்காது. ஏன் என்று கேட்டதற்கு, "போதுமான அளவு நிக்கும் மேடம்" என்றாள் அந்த ராட்சசி.

அன்றிலிருந்து நம் கம்பெனியில் டிரையல் கேட்டு யார் வந்தாலும், அன்றைக்கு எந்த மெஷின் மிகவும் நிறைந்திருக்கிறதோ அதில்தான் போடுகிறோம். ஏன் இப்படி ஒரு பைத்தியக்கார விதி என்று சேர்ந்த முதல் நாளே உங்களில் ஒருவர் கேட்டீர்கள். இதனால்தான். ஒரு நெருக்கடி வரும், அவசர ஆர்டர் வரும், பெரிய ஆள் ஒருவர் டிரையல் கேட்பார், இந்த ஒரு தடவை மட்டும் என்று உங்கள் கை தானாகக் காலி மெஷினைத் தேடும். தேடும்போது அந்தக் கையை நீங்களேதான் பிடிக்க வேண்டும், நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

இருக்க மாட்டேன் என்றால், நாற்காலியில் இருக்க மாட்டேன். போன வாரம் நம்மிடமே ஒரு சின்ன இடம் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். முட்டி வலிக்காரி, வீட்டில் சும்மா உட்கார்ந்து என்ன செய்யப்போகிறேன்? வளர்மதி தண்டவாளம் போடக் கற்றுக் கொடுத்திருக்கிறாள். ஒரு வண்டி விட்டிருக்கிறேன், சுற்றுக்கு நாலு நிமிடம். என்ன பெயரில் எடுத்திருக்கிறேன் என்று இம்தியாஸுக்கும் தெரியாது, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. இனிமேல் குழுவில் எவராவது வந்து, ஒரு மெஷினில் எத்தனை பேர் என்று கேட்டால், எண்ணிப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். அது நானாக இருக்கலாம்.